மணி மட்டும் எஞ்சிய மரக்கலம்

உடுமலைப்பேட்டையில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. தெற்கே எழுந்து நிற்கும் ஆனைமலைத் தொடரும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து வீசும் காற்றும், கரிசலும் செம்மண்ணும் கலந்த தோட்டங்காடுகளுமே நம் கண்ணுக்குப் பழகியவை. இத்தகைய ஊரில் அமர்ந்துகொண்டு பழைய பாய்மரக் கப்பலொன்றைப் பற்றி நாம் ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கப்பலின் பிறப்பிடம் காடு என்பதை மறந்துவிடலாகாது. மரம் வளர்ந்த மலையிலிருந்தே மரக்கலத்தின் வரலாறு தொடங்குகிறது.

நம் ஊர் மரக்கடைகளில் ஒரு காட்சியைக் காணலாம். இடித்த வீட்டின் நிலைக்கதவோ உத்தரமோ விலைக்கு வரும். முதிய ஆசாரி ஒருவர் அதன் ஓரத்தை உளியால் சிறிது செதுக்குவார், முகர்ந்து பார்ப்பார், ரேகையை உற்று நோக்குவார். பின்னர், "இது நம் மலைத் தேக்கு, அது பர்மாவிலிருந்து வந்தது, இது வேங்கை" என்று பிரித்துச் சொல்லிவிடுவார். பெயர் தெரியாத பழங்கப்பலை ஆராயும் அறிஞர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஆசாரியின் கண்ணுக்குப் பதிலாக அவர்களிடம் நுண்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

ஆனைமலைத் தேக்குக்கும் கப்பலுக்கும் நெருங்கிய உறவுண்டு. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு மரம் தேவைப்பட்டபோது, 1848ஆம் ஆண்டு முதற்கொண்டு ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் ஆனைமலைக் காடுகளில் தேக்கு வெட்டப்பட்டது. வெட்டிய மரங்களை மலையின் உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடமே இன்று நாம் சுற்றுலா செல்லும் 'டாப்சிலிப்'. மேற்குக் கடற்கரையின் பொன்னானித் துறை வழியாக அம்மரங்கள் பம்பாயை அடைந்தன. ஆனைமலையில் தோன்றும் ஆழியாறும் பாரதப்புழையோடு கலந்து அதே பொன்னானியில்தான் கடல் சேர்கிறது. மக்தூம்களின் கல்வியாலும் குஞ்ஞாலி மரைக்கார்களின் வீரத்தாலும் புகழ்பெற்ற பொன்னானியை நாம் அறிவோம். அவ்வூருக்கும் நம் மலைக்கும் இவ்வாறு மரத்தால் ஓர் உறவு இருந்தது.

தேக்கின் பெருமைக்கு ஒரு கண்கண்ட சான்று இன்றும் நீரில் மிதக்கின்றது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கினால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய 'திருக்கோணமலை' என்னும் போர்க்கப்பல், இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதில் அடித்த இரும்பாணி எளிதில் அரிக்கப்படுவதில்லை. ஆங்கிலேயர் தம் நாட்டுக் கருவாலி மரத்தை விட்டு நம் நாட்டுத் தேக்கை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, நாம் சொல்ல வந்த கப்பலுக்கு வருவோம். அந்தக் கப்பலின் பலகை ஒன்றுகூட நம் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது ஓர் உடைந்த மணி மட்டுமே.

மணியும் அதன் வாசகமும்

1836ஆம் ஆண்டை ஒட்டி, நியூசிலாந்தின் வடபகுதியில் வாங்கரை என்னும் ஊரின் அருகே வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவப் போதகர் ஒரு விந்தையைக் கண்டார். அந்நாட்டுப் பழங்குடியினரான மவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தனர். உற்று நோக்கியபோது அது பாத்திரமன்று, கவிழ்த்த மணியின் மேற்பாகம் என்று தெரிந்தது. விளிம்பைச் சுற்றி ஏதோ எழுத்துகளும் காணப்பட்டன. பெருங்காற்றில் சாய்ந்த மரமொன்றின் வேரடியில் அது கிடைத்தது என்றும், பல தலைமுறைகளாகத் தங்களிடம் இருந்து வருகிறது என்றும் அம்மக்கள் கூறினர். கொலென்சோ அவர்களுக்கு ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு மணியைப் பெற்றுக்கொண்டார்.

அந்த எழுத்து இன்னதென்று விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. முடிவில் அது தமிழ் என்று தெளிந்தது. 'முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்பதே அவ்வாசகம். ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் ஆழமும் உடைய அந்தச் சிறு வெண்கலத் துண்டு, கொலென்சோவின் உயிலின்படி அந்நாட்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இன்று வெல்லிங்டன் நகரின் 'தே பாப்பா' அருங்காட்சியகத்தில் 'தமிழ் மணி' என்ற பெயருடன் அது இருக்கிறது.

இச்செய்தியைப் படிக்கும் எந்தத் தமிழ் முஸ்லிமுக்கும் உள்ளம் பூரிக்கும் என்பதில் ஐயமில்லை. தமிழ் எழுத்தில் பொறித்த ஒரு முஸ்லிம் பெயர், உலகின் தென்கோடித் தீவில்! கேப்டன் குக் அங்கே காலடி வைத்தது 1769இல். அவருக்கும் முன்பே நம் மரக்காயர்கள் அங்கே சென்றுவிட்டனர் என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிமை வேறு, உண்மை வேறு. மணி உண்மையில் என்ன சாட்சி சொல்கிறது என்பதை நடுநிலையோடு ஆராய்வதே நம் முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

கப்பலை அடையாளம் காணும் முறை

பெயரற்ற பழங்கப்பல் ஒன்று மண்ணிலோ கடலடியிலோ கிடைத்தால் அதன் இனத்தை எவ்வாறு கண்டறிகிறார்கள்? அதற்கு நான்கு கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்த மரம்? பலகைகளை எப்படி இணைத்தார்கள்? அடிப்பகுதி எத்தகையது? பாய்மரம் எங்கே, எத்தனை நின்றது?

இவற்றுள் இரண்டாம் கேள்வியே மிக முக்கியமானது. ஒரு நாட்டுத் தச்சனின் கைப்பழக்கம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது. அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் நெடுங்காலம் பலகைகளைத் துளையிட்டுத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தே கலம் கட்டினார்கள். 14ஆம் நூற்றாண்டில் இக்கடல்களில் பயணம் செய்த இப்னு பதூதா இவ்வழக்கத்தைக் குறிப்பிட்டு, பாறையில் மோதினால் ஆணியடித்த கப்பல் பிளந்துவிடும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்று காரணமும் கூறியுள்ளார். சென்னையில் துறைமுகம் அமையும் முன்னர் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகுகளும் இவ்வாறு தைக்கப்பட்டவையே. சீனத் தச்சர்களோ இரும்பாணியால் பலகைகளைப் பிணைத்து, உட்புறத்தைக் குறுக்குச் சுவர்களால் அறைகளாகப் பிரித்தனர். மலாய்த் தீவுகளில் மரமுளைகளும் கயிற்றுக் கட்டும் வழங்கின. எனவே, ஓரடிப் பலகை கிடைத்தாலும் அதன் ஓரத்தில் உள்ள துளைகள் கட்டிய கை எந்தக் கரையினுடையது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு நமக்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், சேர்த்தலையை அடுத்த தைக்கால் – கடக்கரப்பள்ளியில், கடலை விட்டு விலகிய நிலத்தில் ஒரு பழங்கலம் புதைந்து கிடந்தது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் தொல்லியலார் அதை அகழ்ந்து வெளிப்படுத்தினர். நீளம் ஏறக்குறைய 18 மீட்டர். அடி தட்டையானது, பலகைகள் இரட்டை அடுக்காக அமைந்தவை, இரும்பாணிகள் பயன்பட்டிருந்தன, மரம் அயினி. அரபுக் கப்பல் வகையிலும் அது அடங்கவில்லை. சீன வகையிலும் அடங்கவில்லை. ஆழமற்ற காயல்களிலும் கரையோரக் கடலிலும் ஓடுவதற்கேற்ப அந்த மண்ணின் தச்சர்கள் தாமே வகுத்துக்கொண்ட அமைப்பு அது என்றே கருத வேண்டியுள்ளது. பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த அக்கலத்தில் பெயரில்லை, எழுத்தில்லை, மணியில்லை. ஆயினும் தன் வடிவத்தைத் தானே பேசிற்று.

மற்றோர் எடுத்துக்காட்டு, அவசர முடிவின் ஆபத்தை நமக்குப் புகட்டுவது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டார்கள். அதில் ஏறத்தாழ 60,000 பொருள்கள் இருந்தன. பெரும்பாலானவை சீனப் பீங்கான்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான சீன ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தது. சரக்கை மட்டும் பார்ப்பவர் இது சீனக் கப்பல் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன, இரும்பாணியே இல்லை. ஆகவே, மேற்கே இந்தியப் பெருங்கடலின் கரையில் பிறந்த கலம் அது என்று தெளிவாயிற்று. அரபு நாட்டதா, இந்தியாவினதா என்ற வினா மட்டும் எஞ்சியது. முதலில் மரத்தை ஆராய்ந்தபோது கருத்து இந்தியாவின் பக்கம் சாய்ந்தது. மறு ஆய்வில் பலகைகள் ஆப்பிரிக்க மரவகை என்று தெரியவே, அது அரபுக் கப்பல் என்னும் கருத்து வலுப்பெற்றது. அதன் மாதிரியில் ஓமான் நாட்டில் தைத்துக் கட்டிய 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்னும் கப்பல், கொச்சி, காலி, பினாங்கு வழியாக 2010இல் சிங்கப்பூரை அடைந்தது.

சரக்கு பயணத்தைச் சொல்லும். பலகையே கப்பலைச் சொல்லும். பெலித்துங் கப்பல் தரும் பாடம் இதுவே. நம் மணியை ஆராயும்போதும் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மணி சொல்வதும் சொல்லாததும்

மணியின் வாசகத்தை இனிச் சொல் சொல்லாகப் பார்ப்போம். முதலில் பெயர். 'முகையதீன்' என்பது, தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரிதும் மதித்துப் போற்றும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களை நினைவூட்டுவது. 'வக்குசு' என்பது 'பக்ஷ்' என்னும் பாரசீகச் சொல். கொடை என்பது பொருள். 'முகையதீனின் கொடை' என்னும் இப்பெயர் ஓர் ஆளுக்கும் பொருந்தும்; கப்பலுக்கும் பொருந்தும். நம் மக்கள் கப்பலுக்குப் பெரியோர் பெயரிட்டுக் கடலில் இறக்கும் வழக்கத்தை அறிவோம். எனவே, முகையதீன் பக்சு என்பவர் கப்பலின் உரிமையாளராகவும் இருந்திருக்கலாம். அது கப்பலின் பெயராகவும் இருந்திருக்கலாம்.

அடுத்து 'கப்பல்' என்னும் சொல். நம் கரையில் கலங்களுக்குப் பெயர்கள் பல. தூத்துக்குடியில் தோணி, பாக் நீரிணைக் கரையில் வத்தை, சரக்கேற்றி இறக்கச் சலங்கு, மீன் பிடிக்கக் கட்டுமரமும் வள்ளமும். சென்னை மாநில மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் இவற்றையெல்லாம் கரை கரையாகச் சென்று கண்டு, 1920இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் ஊர்க் கலத்துக்கும் தனி அமைப்பு உண்டு என்பது அதனால் விளங்கும். வத்தையில் குறுக்கே ஒரு நீண்ட பலகை நீட்டியிருக்கும். காற்று பாயை ஒரு புறம் சாய்க்கும்போது ஆட்கள் மறுபுறப் பலகையின் நுனியில் சென்று அமர்ந்து கலத்தை நிமிர்த்துவர். மணியில் பெயர் பொறித்தவர் தோணி என்றோ வத்தை என்றோ எழுதவில்லை. கப்பல் என்றே எழுதினார். அக்கலம் பெரிது என்று அவர் கருதினார் என்பது மட்டும் இதனால் புலனாகும்.

மூன்றாவதாக, மணி என்னும் பொருளே ஒரு செய்தி தருகிறது. மணற்கடிகையைத் திருப்பி அரை மணிக்கு ஒரு முறை மணியடித்துக் காவல் மாற்றுவது ஐரோப்பியக் கப்பல்களின் நடைமுறை. நம் கப்பலிலும் மணி தொங்கியதென்றால், ஐரோப்பியக் கப்பல் வழக்கங்கள் நம் கரையில் கலந்துவிட்ட காலத்தது அது என்று எண்ண இடமுண்டு. இஃது ஊகமே எனினும் பொருந்தாத ஊகமன்று.

எழுத்துகளின் பழமையைக் கொண்டு மணிக்கு ஐந்நூறு ஆண்டு என்று கூறியவர்கள் உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளே பொருந்தும் என்பவர்களும் உண்டு. எழுத்தின் வடிவம் காலத்தைக் காட்டும் கருவிதான்; ஆனால் அது துல்லியமான கருவியன்று. ணை, லை, னை முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை 1978இல் தமிழக அரசு மாற்றிய பின்னரும், நம் வீட்டுப் பெரியவர்கள் பல ஆண்டுகள் பழைய வடிவிலேயே கடிதம் எழுதி வந்ததை நாம் கண்டிருக்கிறோம். மணி வார்த்த கன்னாரின் கையும் அவ்வாறே பழமையைப் பற்றியிருக்கக்கூடும்.

இனி, சொல்லாதவை. அக்கப்பல் தைத்ததா, ஆணியடித்ததா? அடி தட்டையா, கூர்மையா? பாய்மரம் இரண்டா, மூன்றா? இவற்றுள் ஒன்றையும் மணி சொல்லவில்லை. உரிமையாளர் தமிழர் என்பதால் அமைப்பும் தமிழகத்துப் பழைய அமைப்பே என்று கொள்வதும் தவறாகும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் 1930இல் கட்டிய 'அன்னபூரணி' என்னும் கப்பலை நோக்குக. இரு பாய்மரங்களுடன் அது முற்றும் ஐரோப்பியக் கப்பலின் தோற்றம் கொண்டிருந்தது. அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்ற, 1938இல் அது கடல் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. பெயரும் மாறிய பின்னர் அதன் தோற்றத்தை மட்டும் கண்டவர் தமிழர் கைவேலை என்று எவ்வாறு அறிவார்?

மணி சென்ற வழி

அப்படியானால் மணி நியூசிலாந்தை அடைந்தது எப்படி? கப்பலே அங்குச் சென்று உடைந்திருக்கலாம். ஆளற்ற கலமாக அலைகள் இழுத்துச் சென்றிருக்கலாம். அன்றி, வேறொரு கப்பலில் பொருளோடு பொருளாக மணி மட்டும் சென்றிருக்கலாம். ஐரோப்பியர் நம்மவர் கப்பல்களைக் கைப்பற்றுவதும் வாங்குவதும் அக்காலத்தில் சாதாரணம்.

மூன்றாம் வழிக்குத் துணையாக ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. சூர்வில் என்னும் பிரெஞ்சுத் தலைவன், 'சான் ழான் பத்தீஸ்து' என்னும் கப்பலில் 1769 ஜூன் மாதம் நம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டான். அதே ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வடகோடியில் நங்கூரமிட்டான். புயலில் அவன் இழந்த நங்கூரங்கள் 1974இல் கண்டெடுக்கப்பட்டன. அக்கப்பலில் இந்தியக் கடலோடிகளும் இருந்தனர். அந்நாட்டு மண்ணை மிதித்த முதல் இந்தியர்கள் என்று வரலாறு குறிப்பது அவர்களையே. அவர்களுள் முஸ்லிம்களும் இருந்ததாகக் கூறுவர்.

மணி கிடைத்ததும் நியூசிலாந்தின் அதே வடபகுதி. 1769க்கும் 1836க்கும் இடையே 67 ஆண்டுகள். மவோரிகள் கூறிய 'தலைமுறைகள்' என்னும் கணக்குக்கு அது முரண்படவில்லை. ஆகவே, அக்கப்பலில்தான் மணி சென்றது என்று நாம் சாதிக்கவில்லை. குக்குக்கு முன்பே நம் கப்பல் அங்குச் சென்றது என்று சொல்ல எவ்வளவு சான்று உண்டோ, அதற்குக் குறையாத சான்று இந்த எளிய வழிக்கும் உண்டு என்றே கூறுகிறோம்.

நம் பெருமை எது?

இவ்வாறு எழுதுவதால் நம் சமுதாயத்தின் பெருமையைக் குறைத்துவிட்டோம் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. அம்மணியில் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் உண்மையே போதிய பெருமை தருவது. முஸ்லிம் பெயர் தாங்கிய ஒரு கப்பல் இருந்தது. அதன் உடைமையைக் குறிக்க வேண்டி வந்தபோது அவர்கள் அரபியிலோ பாரசீகத்திலோ பொறிக்கவில்லை, தமிழில் பொறித்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் படித்தறிய வேண்டிய மொழி தமிழாகவே இருந்தது. கீழக்கரையில் சீதக்காதி வள்ளல் உமறுப் புலவரை ஆதரித்த அதே மரபு, கடலுக்கு நடுவே ஒரு வெண்கல விளிம்பில் தன் மொழியை எழுதி வைத்திருக்கிறது. பறங்கிப்பேட்டையிலிருந்து பினாங்குக்குச் சென்று அங்கே தலைவர்களாக விளங்கியவர்களும், சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா நினைவிடத்தை எழுப்பியவர்களும் அம்மரபினரே.

கவலைக்குரியது வேறொன்று. கப்பல்களை வைத்திருந்த ஒரு சமுதாயம், அவை எப்படி இருந்தன என்று சொல்ல இயலாமல் நிற்கிறது. மணியின் சொந்தக்காரரை உலகம் தேடுகிறது. அவருடைய வழித்தோன்றல்கள் நம்முள்ளேயே இருக்கக்கூடும். நாகூர், காரைக்கால், பறங்கிப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் பரணில் ஏற்றிய பெட்டிகள் இன்னும் எத்தனையோ உள்ளன. அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், சரக்குக் கணக்குகள், கப்பல் பங்குப் பத்திரங்கள், தச்சருக்குக் கூலி கொடுத்த குறிப்புகள் அவற்றுள் இருக்கலாம். இன்ன மரம் வாங்கினோம், இத்தனை முழம் பலகை அறுத்தோம், இத்தனை பாய் தைத்தோம் என்னும் ஒரே ஒரு வரி கிடைத்தால், மேடையில் முழங்கும் நூறு சொற்பொழிவுகளை விட அது மேலானது. கடற்கரை ஊர்களில் பெண் கொடுத்தும் எடுத்தும் உறவு கொண்ட குடும்பங்கள் கொங்கு நாட்டிலும் உண்டு. வீடு இடிக்கும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பழந்தாள்களை எடைக்குப் போடுமுன் ஒரு முறை விரித்துப் பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

எங்கோ ஒரு மலைச்சரிவில் வளர்ந்த மரங்கள் வெட்டப்பட்டுக் கடல் சேர்ந்து கப்பலாயின. அந்தக் கப்பல் போயிற்று, பலகை போயிற்று, பாயும் கயிறும் போயின. கிழங்கு வேகவைத்த நெருப்பையும் தாங்கி, ஒரு தமிழ் வரி மட்டும் அழியாமல் நின்றது. அதற்கு மேலும் ஒரு வரி சேர்க்கும் பொறுப்பு நம்முடையது.